சான் ரொக்கோவுக்கு ஒரு தோள்

1

"லீவு எதற்கு?" என்று கேட்டார் எங்கள் ஷெஃப்.

"சுவாமி தூக்க" என்றேன்.

பாசலில் ஒரு முதியோர் இல்லத்தின் குசினியில் எனக்கு வேலை. ஷெஃப் சுவிஸ்காரர், நல்ல மனுசன், ஆனால் எதற்கும் காரணம் வேண்டும் அவருக்கு. சூப்புக்கு ஒரு பிடி உப்புக் கூடினாலும் காரணம் கேட்பார். உங்கள் கோயில் சுவிஸில் எந்த இடத்தில் இருக்கிறது என்றார். எங்கள் கோயில் இல்லை, கத்தோலிக்கச் சேர்ச், அதுவும் சுவிஸில் இல்லை, இத்தாலியில் ஒரு மலை உச்சியில் என்றேன். அவர் பேனையை மேசையில் வைத்துவிட்டார்.

"நீ இந்து அல்லவா?"

"ஓம், இந்துதான்."

"இந்து ஏன் கத்தோலிக்கரின் சாமியைத் தூக்க வேண்டும்?"

பக்கத்தில் கரட் சீவிக்கொண்டிருந்த நிக்கோலா தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: "அவன் வராவிட்டால் எங்கள் வீட்டுத் தோள் வெறுமையாக நிற்கும், ஷெஃப்." ஷெஃப் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கேட்கக் கேட்கச் சிக்கல் கூடும் என்று விளங்கியிருக்க வேண்டும். இரண்டு பேருக்கும் லீவைப் பதிந்துவிட்டுப் போய்விட்டார்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிற உங்களுக்கும் அதே கேள்வி இருக்கும். யோகநாதன் ஞானஸ்நானம் எடுத்து வேதத்துக்கு மாறிவிட்டான் என்று ஒரு கதை அங்கே உலாவுவதாக மனைவியின் தங்கை எழுதியிருக்கிறாள். மாறவில்லை ஐயா, மாறவில்லை! போன வருடம் நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

2

முதலில் நிக்கோலா. அவன் இந்தக் குசினிக்கு எனக்கு வெகு காலம் முந்தி வந்தவன். நாற்பதைத் தாண்டியும் கல்யாணம் கட்டாதவன். நான் முதல் நாள் பாத்திரம் கழுவ வந்து, எந்தப் பாத்திரம் எங்கே போகும் என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றபோது, என் கையைப் பிடித்து ஒவ்வொரு அலுமாரியாகக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். எனக்கு இத்தாலி மொழி தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, இரண்டு பேருக்கும் ஜெர்மன் அரைகுறை. ஆனால் குசினியை அவர்கள் குச்சீனா என்கிறார்கள். பாணைப் பானே என்கிறார்கள். கள்ளுத் தவறணையைத் தவெர்னா என்கிறார்கள். போர்த்துக்கேயர் நம்மிடம் விட்டுப்போன சொற்கள் அங்கே சொந்தக்காரரைக் கண்டமாதிரித் துள்ளிக்கொண்டு வந்தன. மிச்சத்தைக் கையால் கதைத்தோம். சனிக்கிழமைகளில் அவன் எங்கள் வீட்டுக்கு இடியப்பம் சாப்பிட வருவான், கடைசி ட்ராமை விட்டுவிட்டுச் சோபாவிலேயே படுத்துவிடுவான்.

இனி என் புத்தகம். அகதி என்று என்னை ஒப்புக்கொள்ள சுவிஸ்காரருக்குக் கனகாலம் எடுத்தது. வெளிநாட்டார் பொலிஸ் கந்தோரில் நான் உட்கார்ந்த கதிரையில் என் வடிவமே பதிந்திருக்கும். கடைசியில் ஒரு நாள் தந்தார்கள்: நீல நிறப் பயணப் புத்தகம், மூலையில் இரண்டு கறுப்புக் கோடு. இதை வைத்துக்கொண்டு எல்லா நாட்டுக்கும் போகலாம், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றின் பெயரையும் உள்ளே மறக்காமல் எழுதியிருந்தார்கள். ஸ்ரீலங்கா.

நான் அந்த வரியைத் தாண்டி "எல்லா நாட்டுக்கும்" என்பதை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்தேன். மனைவி சரோ அதை வாங்கி, அலுமாரிக்குள் இருக்கும் அம்மன் படத்தின் முன்னால் வைத்துக் கும்பிட்டாள். எங்கள் மகள் கௌரி, நாலு வயதில் இங்கே வந்தவள், எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "அம்மா, பாஸ்போட்டுக்கும் பூசையோ?"

அந்தச் சனிக்கிழமையே நிக்கோலா சொல்லிவிட்டான், சான் ரொக்கோ திருவிழாவுக்குக் குடும்பத்தோடு தன் ஊருக்கு வரவேண்டும் என்று. ஊரின் பெயர் மொந்தெவெந்தோ. ஆடி முடிந்து ஆவணி பிறக்கிற நேரத்தில் திருவிழா.

3

காரில் போகும்போதுதான் அவனுடைய தலைவலி தெரியவந்தது.

சான் ரொக்கோவை வருடத்துக்கு ஒருமுறை சேர்ச்சில் இருந்து இறக்கி, தோளில் ஊர்வலம் கொண்டு போவார்கள். தடியில் ஒவ்வொரு இடமும் ஒரு வீட்டுக்கு உரியது. முன்னுக்கு வலப்பக்கம் நிக்கோலா வீட்டு இடம். அவனுடைய அப்பா தொமெனிக்கோ தூக்கினார், அவருக்கு வயதாகியபின் நிக்கோலா ஒவ்வொரு வருடமும் பாசலில் இருந்து போய்த் தூக்கினான். இந்த முறை முதுகு போய்விட்டது. எத்தனை வருடம் சூப்புக் கிடாரம் தூக்கியிருக்கிறான்! பாரம் தொடக் கூடாதென்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். திருவிழாவில் ஒரு வீட்டு இடம் வெறுமையாக நின்றால், அது அடுத்து நிற்கிற வீட்டுக்குப் போய்விடும், திரும்பி வராது. அடுத்து நிற்பவன் இறைச்சிக்கடை கார்மெலோ.

"அப்பு செத்தாலும் சாவார், அந்த இடத்தைக் கார்மெலோவிட்டைக் குடுக்கமாட்டார்" என்றான் நிக்கோலா. பாதி இத்தாலி, பாதி ஜெர்மன், ஆனால் என் காதுக்கு அவன் எப்போதும் நம்மூர்க்காரன் மாதிரித்தான் கேட்கும். "அதாலை நான்தான் தூக்கவேணும். டொக்டருக்குச் சொல்லிப்போடாதை."

"மகன் இல்லாட்டி வேற ஆரும் நிக்கேலாதோ?" என்று கேட்டேன்.

நிற்கலாமாம். மருமகன் நிற்கலாம். அந்தக் காலத்தில் கூலிக்கு ஆடு மேய்த்தவர்களும் நின்றிருக்கிறார்கள். திருவிழாவுக்கு முதல் இரவு அந்த வீட்டுப் பாணைத் தின்று அந்த வீட்டுக் கூரைக்குக் கீழே படுத்தவன் அந்த வீட்டு ஆள் என்று கணக்கு. ஆனால் இப்போது ஊரில் ஆட்டுக்கே ஆளில்லை. இளந்தாரிமார் எல்லாரும் சுவிஸிலும் ஜெர்மனியிலும்.

நான் சிரித்துவிட்டேன். எங்கள் ஊரில் திருவிழா உபயத்துக்காகக் கோட்டில் வழக்காடிக் காணி விற்றவர்களை எனக்குத் தெரியும். இத்தாலிக்காரன் வேறு யாரோ என்று நினைத்தேன், பார்த்தால் நம்மடை ஆட்கள்தான்.

கியாசோ எல்லையில் என்ன நடந்தது தெரியுமா? ஒன்றும் நடக்கவில்லை! முதல்முறை இத்தாலியை நான் கடந்தபோது ஒரு வானின் பின்பக்கத்தில், உருளைக்கிழங்குச் சாக்குகளுக்கு நடுவில், இருமலை அடக்கிக்கொண்டு கடந்தேன். இத்தாலி என்றால் எனக்குச் சாக்கு மணம்தான். இப்போது முன் சீட்டில், தலைமயிரை வாரி இழுத்து, புதுச் சேட்டுப் போட்டு, நீலப் புத்தகத்தை மடியில் வைத்திருக்கிறேன். காவலாளி ஒரு கையால் போ போ என்று காட்டுகிறான். பார்க்கவே இல்லை!

"நிப்பாட்டு" என்றேன் நிக்கோலாவிடம்.

"ஏன், விசரோ உனக்கு?"

நிப்பாட்ட வைத்தேன். கண்ணாடியை இறக்கி, புத்தகத்தை நீட்டி, தயவுசெய்து பாருங்கள் என்றேன். அந்த மனுசன் மூன்று பேரின் புத்தகத்தையும் வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டி, கௌரியின் கன்னத்தைக் கிள்ளி, நல்வரவு சொல்லித் திருப்பித் தந்தான். எனக்கு அது போதும். அங்கிருந்து மிலானோ வரும்வரை பாடிக்கொண்டே போனேன்.

பின் சீட்டில் கௌரி முகத்தை மூடிக்கொண்டாள். "அப்பா, கத்தாதேங்கோ. ஆக்கள் பாக்கினம்." இது அவளுடைய மந்திரம். பாசலில் ட்ராமில் ஏறினால் நான் தமிழில் வாய் திறக்கக் கூடாது, ஆக்கள் பாக்கினம். பள்ளிக்கூட வாசலில் நிற்கக் கூடாது, ஆக்கள் பாக்கினம். வீட்டிலும் நாங்கள் தமிழில் கேட்டால் பாசல் ஜெர்மனில்தான் பதில் வரும். வகுப்பில் பாதி இத்தாலிப் பிள்ளைகள், அதனால் இத்தாலி மொழியும் விளாசுவாள். தமிழ் மட்டும் அவளுக்கு வீட்டுக்குள் போடுகிற பழைய சட்டை.

4

மொந்தெவெந்தோவுக்குக் கார் ஏறாது. அடிவாரத்தில் விட்டுவிட்டு, கல்லால் கட்டிய பெரிய வாசல் ஒன்றுக்குள்ளால் நடந்து ஏற வேண்டும். வீடுகள் ஒன்றின் முதுகில் ஒன்று. தெரு முழுக்கப் படி. கை நீட்டினால் இரண்டு பக்கச் சுவரும் தொடலாம். வெந்தோ என்றால் காற்றாம். பெயருக்கு ஏற்ற காற்று, சரோவின் சேலை கொடி மாதிரிப் பறந்தது. உச்சியில் இடிந்த கோட்டையின் அரைச்சுவர், அதற்குக் கீழே சேர்ச், அதற்கும் கீழே ஊருக்கெல்லாம் பொதுவான, பாண் சுடுகிற போறணை. திருவிழாவுக்கு மட்டும் அதை மூட்டுவார்களாம்.

ஏறுகிற வழியில் கதவுக்குக் கதவு மனுசர் வந்து நின்று எங்களைப் பார்த்தார்கள். ஒளிச்சுப் பார்க்கிற சுவிஸ் பார்வை இல்லை. நல்ல வடிவாக, வாயைத் திறந்துகொண்டு பார்த்தார்கள். பார்த்துவிட்டு யார், எங்கிருந்து, எத்தனை பிள்ளைகள், ஏன் ஒன்றோடு நிற்பாட்டினீர்கள் என்று கேட்டார்கள். சரோவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "இஞ்சாருங்கோ, இவ்வளவு வருசத்திலை எங்களை ஒருத்தரும் இப்பிடி விடுப்புக் கேக்கேல்லை" என்றாள்.

தொமெனிக்கோ கிழவர் குள்ளம், ஆனால் குரல் பெரிது. அன்றிரவு மேசையில் என் பக்கத்தில் அமர்ந்தார். நாளைக்குத் திருவிழா, நாங்கள் மச்சம் சாப்பிடமாட்டோம் என்றதும், பன்றி இறைச்சியை ஒரு முறை துக்கத்தோடு பார்த்து அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, எனக்குப் பாண் வெட்டினார். தின்றேன். இன்னும் வெட்டினார். "தின், தின்!" போதும் என்று கையால் மறித்தேன். கையை விலக்கிவிட்டுத் தக்காளியும் எண்ணெயும் விட்டு இன்னொரு துண்டு. பிறகு என்னை எழுப்பி, சுவரோடு நிற்க வைத்து, என் தோள் உயரத்துக்குத் தன் கையை வைத்துப் பார்த்தார்.

"உந்த மனுசன் என்ன, சவப்பெட்டி செய்யவோ அளவெடுக்கிறார்?" என்று சரோ காதுக்குள் கேட்டாள்.

விடிய எழும்பி, உறைகிற தண்ணீரில் தலை முழுகினோம். திருவிழா நாள் அல்லவா, யாருடைய திருவிழா என்றால் என்ன. கௌரியையும் முழுக வார்த்தோம், அவள் மூன்று மொழியிலும் அழுதாள்.

5

சேர்ச் சிறியது, சனம் நிறைந்து வழிந்தது. நாங்கள் பின்னால் ஒரு தூணுக்கு மறைவில் நின்றோம். வெளியில் ஊர் பாண்ட் வாத்தியம் தொடங்கியது, மேளம் இடித்தது, மணி அடித்தது, சாம்பிராணிப் புகை எழும்பியது. நீல நிறத் திரை ஒன்றை இழுத்தார்கள். திரைக்குப் பின்னால் சான் ரொக்கோ, கையில் தடியோடு. காலடியில் ஒரு நாய்.

நாய்!

ஊரில் உள்ளவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையில் ஆயுதம், காலடியில் நாய் என்றால் நமக்கு யார்? வைரவர்! மேளம், மணி, புகை, திரை விலகல், வைரவர். எத்தனையோ வருடம் தூங்கிக் கிடந்த உடம்பு எழும்பிவிட்டது. என்னைக் கேட்காமலே என் கை சேட்டுப் பொத்தான்களைக் கழற்றியது. சேட்டை இடுப்பில் சுற்றி இறுக்கிக் கட்டினேன். இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக் கண்ணை மூடினேன். கோயிலுக்குள் ஆம்பிளை மேல் சட்டையோடு நிற்கலாமா?

"என்னப்பா செய்யிறியள்! உது சேர்ச்!" சரோ என் இடுப்பைப் பிடித்து இழுத்தாள்.

"அப்பா!" கௌரி மற்றப் பக்கம் பிடித்து இழுத்தாள். "சேட்டைப் போடுங்கோ, ஆக்கள் பாக்கினம், ஐயோ, ஆக்கள் பாக்கினம்!"

உண்மையில் ஒருத்தரும் பார்க்கவில்லை, எல்லாருடைய கண்ணும் முன்னால் இருந்தது. தூக்குகிறவர்கள் தத்தம் இடத்துக்கு வந்துவிட்டார்கள். நிக்கோலா முன்னுக்கு, வலப்பக்கம். பூசை வைக்கிற சேர்ச் சுவாமியார் சின்ன மணியை ஆட்டினார். எல்லாரும் ஒன்றாகக் குனிந்து எழும்பினார்கள், நிக்கோலா எழும்பவில்லை. "ஆ" என்று ஒரு சத்தம், முழங்காலில் இருந்துவிட்டான். சான் ரொக்கோ ஒரு பக்கம் சாய, அவசர அவசரமாக இறக்கினார்கள்.

நிக்கோலா தலையைக் குனிந்து கொண்டிருந்தான். பின்னால் நின்ற கார்மெலோ, மலைபோன்ற உடம்பு, கழுத்துச் சிவப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு மெல்ல ஓரடி முன்னால் வைத்தான். சுவாமியாரும் சரி என்று தலையை ஆட்டத் தொடங்கினார்.

அப்போது தொமெனிக்கோ கிழவரின் குரல் கூரையில் மோதியது. என் வீட்டில் ஆள் இருக்கிறான்! என் வீட்டுப் பாணைத் தின்றவன், என் கூரைக்குக் கீழே படுத்தவன்! அதோ!

முழுச் சேர்ச்சும் ஒன்றாகத் திரும்பியது. தூணுக்குப் பக்கத்தில், வெறும் மேலோடு, இடுப்பில் சேட்டைக் கட்டிக்கொண்டு, கையைத் தலைக்கு மேல் கூப்பியபடி நான் நிற்கிறேன்.

யாரோ ஒரு பொம்பிளை கண்ணைப் பொத்தினாள், விரலை விரித்து வைத்துக்கொண்டுதான். பெடியள் சிரித்தார்கள். சுவாமியார் தக்காளி நிறமாகி, சேட், சேட் என்று கத்தினார். இரவு முழுக்கப் பாண் தீத்தியது எதற்கென்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கிழவன் பலே சூரன்!

கார்மெலோ சனத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். உலகத்தின் எந்த மூலையில் இருந்தோ வந்த ஒருவன், பாரம் தூக்கத் தெரியுமா, சான் ரொக்கோவைப் படியில் போட்டு உடைத்தால் யார் பொறுப்பு என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தானாம், பிறகு கௌரி சொன்னாள். வெளியே தள்ளத்தான் என் தோளில் கையை வைத்தான். வைத்த கை நின்றது. பெருவிரலால் என் தோளைத் தடவினான். அங்கே எனக்கு ஒரு காய்ப்பு இருக்கிறது, எலுமிச்சம்பழ அளவில், கல்லுமாதிரி. அவன் குரல் இறங்கிவிட்டது. என்னவோ கேட்டான்.

எனக்கு விளங்கவில்லை. கௌரியைப் பார்த்தேன். அழுகை முட்டிய முகத்தோடு வந்து, என் பக்கத்தில் நின்று, தமிழில், ஆம், தமிழில் கேட்டாள்: "அப்பா, இது என்னெண்டு கேக்கிறார். நீங்கள் என்னத்தைத் தூக்கினனீங்கள்?"

"அம்மனை."

"எந்த அம்மன்? அலுமாரிக்குள்ளை இருக்கிற படமோ?"

"படம் இல்லைப் பிள்ளை. அது எங்கடை ஊர் அம்மன். தேர்போலப் பெரிசு. பதினெட்டு வயசிலை இருந்து நான் தோள் குடுத்தனான்."

"நான் அது மா மூட்டை தூக்கி வந்ததெண்டெல்லோ நினைச்சன்" என்றாள் கௌரி. கண்ணை அகல விரித்து என் தோளைப் பார்த்தாள். தினமும் பார்க்கிற தோள். "ஏன் அம்மனைத் தூக்கிறது? அவ கோயிலுக்குள்ளை இருக்கலாம்தானே?"

முழுச் சேர்ச்சும் காத்திருக்கிறது, நான் என் பிள்ளைக்குச் சமயபாடம் எடுக்கிறேன்! "எல்லாராலையும் கோயிலுக்குள்ளை வரேலாதம்மா. வருத்தக்காரர், வயசு போனவை, நடக்கேலாத ஆக்கள். அதாலை வருசத்துக்கு ஒருக்கா அம்மன் தானே வீதிக்கு வாறா. அவவுக்குக் கால் நாங்கள்தான்." யாரை யார் உள்ளே விடாமல் வைத்திருந்தார்கள் என்பதையும் பிள்ளைக்கு ஒரு நாள் சொல்லத்தான் வேண்டும். அன்றைக்கு அவ்வளவுதான் சொன்னேன்.

கௌரி கண்ணைத் துடைத்துக்கொண்டு சனத்தைப் பார்த்துத் திரும்பினாள். என் பிள்ளை இத்தாலி மொழியில் என்ன சொன்னாள் என்று சொல்லுக்குச் சொல் எனக்குத் தெரியாது. ஆனால் தன் இரண்டு காலையும் தட்டிக் காட்டிச் சொன்னாள். முன்வரிசை வாங்கில் இருந்த மனுசி ஒருத்தி, எங்களுக்கும் அப்படித்தான் என்று உரத்துச் சொன்னாள். அந்தக் காலத்தில் கொள்ளைநோய் வந்தவர்களை ஊர் வாசலுக்கு வெளியே, கீழ்த்தெருவில் ஒதுக்கி வைத்திருந்தார்களாம். அவர்களால் மேலே வர முடியாது. அதனால்தான் சான் ரொக்கோ இன்றைக்கும் வாசலைத் தாண்டிக் கீழே போகிறார்.

கார்மெலோ தன் சேட்டின் மேல் பொத்தானைக் கழற்றி, கழுத்தை விலக்கிக் காட்டினான். அதே இடத்தில் அதே காய்ப்பு. என்னுடையதைவிடக் கொஞ்சம் பெரிது, அதை அவன் கவனித்தான் என்பதும் எனக்குத் தெரிந்தது. பிறகு தன் சிவப்புத் துண்டை எடுத்து என் கழுத்தில் போட்டுவிட்டுப் பின்னால் தன் பழைய இடத்துக்கே போனான்.

"முதலில் சேட்!" என்றார் சுவாமியார்.

6

பாரமா? அம்மாடி! ஆனால் அந்தப் பாரம் தோளில் இறங்கியதும் எனக்கு வந்த சந்தோசத்தை நான் எப்படி எழுதுவேன். இந்த ஊர்களுக்கு வந்த நாளில் இருந்து என் தோளில் ஏறியதெல்லாம் மூட்டையும் குப்பைப் பையும். சுவாமி ஏறவில்லை. தடி காய்ப்பில் போய்ச் சரியாகக் குந்தியது. எனக்குக் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை, அப்படியே விட்டேன்.

படி இறங்குகையில் "பியானோ, பியானோ" என்று பின்னால் கார்மெலோ சொல்லிக்கொண்டே வந்தான். மெல்ல, மெல்ல. முன்னால் போகிறவனுக்குத்தான் இறக்கத்தில் முழுப் பாரமும். பக்கத்தில் நிக்கோலா முதுகைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படிக்கும் எனக்காகத் தான் மூச்சு வாங்கிக்கொண்டு நடந்தான்.

போறணையடி மூலையில் பாண்ட்காரர் புதுப் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்கள், நல்ல துள்ளல். அங்கேதான் அடுத்த பிழை விட்டேன். மூலைக்கு வந்தால் சுவாமியை ஆட்டிக் காவுவது நம் வழக்கம். மேளம் அந்த இடத்தில் வேகம் பிடித்தால் கால் சும்மா இருக்குமா? என் கால் ஆடியது. தடி ஆடியது. சான் ரொக்கோ ஆடினார். கம்பியால் கட்டியிருந்த நாயும் தலையை ஆட்டியது. மேல் மாடியில் இருந்த மனுசிகள் "அம்மோய்" என்று வீரிட்டார்கள்.

"யோகோ!" என்று கத்தினான் நிக்கோலா. அவன் என்னை அப்படித்தான் கூப்பிடுவான்.

நிற்பாட்டப் பார்த்தேன். ஆனால் பின்னால் கார்மெலோவின் கால் என் காலோடு சேர்ந்துவிட்டது! இறைச்சிக்கடைக்காரனுக்கு அப்படி ஒரு தாளம் இருக்கும் என்று யார் கண்டது. அவன் ஆட, மற்றவர்களும் ஆட, சான் ரொக்கோ தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கூத்தாடிக்கொண்டு மூலை திரும்பினார். ஒரு கணம் சனம் திகைத்தது. பிறகு "எவ்வீவா சான் ரொக்கோ!" என்று ஒரு முழக்கம், மலை அதிர்ந்தது. சுவாமியார் வானத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அரோகரா!" என்று ஒரு பெண் குரல். என் சரோதான். பறக்கிற சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை உயர்த்தி, தொண்டை கிழிய. பெடியள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். "அரோ-அரா! அரோ-அரா!"

ஊற்றடியில் தொட்டி விளிம்பில் ஏறி நின்றுகொண்டு யாரோ ஒரு சின்னப் பெட்டை கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தாள். குவார்தாத்தே, குவார்தாத்தே! பாருங்கோ என்று அர்த்தம், அது எனக்கும் தெரியும். பாருங்கோ, பாருங்கோ, அது என்ர அப்பா! ஆக்கள் எல்லாரும் பார்த்தார்கள். கௌரி இன்னும் பலமாகக் கத்தினாள்.

ஊர் வாசலைத் தாண்டிக் கீழ்த்தெருவுக்குப் போனோம். கதவு ஓரம் கதிரை போட்டு, நடக்க முடியாத சனம் அங்கே காத்திருந்தது. ஒவ்வொரு கதிரைக்கு முன்னும் நின்றோம்.

இடம் தப்பியது. பின்னேரம் தொமெனிக்கோ கிழவர் என் இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்து, ஊரெல்லாம் கூட்டிக்கொண்டு போய்த் தன் வீட்டு ஆள் என்று காட்டினார். கார்மெலோ ஒரு முழுத் தொடை இறைச்சியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தான். இன்றைக்கு மச்சமில்லை என்று கௌரி சொன்னதும், உலகத்தில் இப்படியும் ஒரு துயரமா என்கிற முகத்தோடு திரும்பிப் போய், பாற்கட்டியோடு வந்தான்.

7

திரும்பி வரும் வழியில் கௌரி வாய் மூடவில்லை. அம்மன் என்ன நிறம், தேர் எவ்வளவு உயரம், மழை வந்தால் என்ன செய்வீர்கள், எல்லாம் தமிழில். சொல் தெரியாத இடத்தில் ஜெர்மனைப் போட்டு ஒட்டினாள். நான் பதில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. கொத்தார்ட் சுரங்கத்துக்குக் கிட்ட வரும்போது கேட்டாள்:

"அப்பா, அங்கை உங்கடை இடம் எது? முன்னுக்கோ, பின்னுக்கோ?"

"பின்னுக்கு, இடப்பக்கம்."

"இப்ப அதிலை ஆர் நிக்கினம்?"

எனக்குத் தெரியாது. என்னோடு தோள் கொடுத்தவர்களில் சிலர் கனடாவில், சிலர் ஜெர்மனியில், சிலர் துவக்கோடு காட்டில், இரண்டு பேர் மண்ணுக்குள். ஒருத்தரும் இல்லைப் போல என்றேன். அவ்வளவு நேரமும் பொங்கிக்கொண்டிருந்த சந்தோசம் சட்டென்று வடிந்துவிட்டது. மடியில் இருந்த நீலப் புத்தகத்தைப் பார்த்தேன். அந்த இடத்துக்குப் போக அது உதவாது.

நிக்கோலா கௌரியிடம் கேட்டு விசயத்தை அறிந்துகொண்டான்.

"யோகோ, நான் உன்ர வீட்டுச் சாப்பாடு தின்னுறன்தானே?"

"கிழமை தவறாமல்."

"உன்ர வீட்டுச் சோபாவிலை படுக்கிறன்தானே?"

"படுத்துப் படுத்து அது பள்ளமாப் போச்சு" என்றாள் சரோ பின்னால் இருந்து.

"அப்ப நான் உன்ர வீட்டு ஆள். என்ர பாஸ்போட்டிலை ஒரு நாட்டையும் வெட்டயில்லை. சண்டை நிண்டு அங்கை திருவிழா நடந்தால், நீ போகேலாட்டி நான் போவன்."

"முதுகு?"

"அதுக்குள்ளை சுகம் வரும்."

"சேட்டைக் கழட்ட வேணும்."

அவன் தன் தொந்தியைத் தடவிப் பார்த்துவிட்டு, அம்மனுக்கு ஆட்சேபணை இல்லை என்றால் தனக்கும் இல்லை என்றான். நாங்கள் சிரித்த சிரிப்பில் கார் ஆடியது. சிரித்துக்கொண்டே நான் அழுதேன், அவனும் பார்க்காதமாதிரி ஓட்டினான். போய் இறங்கினால் வழி கேட்க வேண்டுமே, இடத்தின் பெயரைத் தமிழில் சொல்லித் தா என்று கௌரியைக் கேட்டான். சுரங்கத்துக்குள் நுழைந்தது முதல் பாசல் வரும்வரை அவள் விடாமல் சொல்லிக் கொடுத்தாள்.

இப்போது ஒவ்வொரு நாள் காலையும் குசினிக்குள் வரும்போது நிக்கோலா எனக்கு அதைத்தான் சொல்கிறான். "பின்னுக்கு, இடப்பக்கம்." தமிழில் காலை வணக்கம் என்றால் இதுதான் என்று எங்கள் ஷெஃப் நினைத்துக்கொண்டார். லீவு தந்த மறுநாள் காலையில் அவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, என் முன்னால் நிமிர்ந்து நின்று, கவனமாகச் சொன்னார்: "பின்னுக்கு, இடப்பக்கம்."

நான் திருத்தவில்லை. "ஓம்" என்றேன்.